பழைய டிராக்டருக்கு எந்த இக்னிஷன் காயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கரும்புக் கிராமம். வீட்டில் தாத்தா காலத்து ஃபெர்குசன் டி.இ.டி. 20 ஒன்று இருக்கிறது. பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. அந்த வண்டியை மறுபடி ஓடவைக்க நான் பட்ட பாட்டில் பாதி, காயில் விஷயத்தில்தான் கழிந்தது. இப்போது கடலூரிலிருந்தும் பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்தும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேடி வந்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் டிராக்டரில் காயில் எங்கே இருக்கிறது? தேடியும் காணவில்லையே?

டீசல் டிராக்டராக இருந்தால் காயிலே கிடையாது. இன்று நம் வயல்களில் உழுகிற வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே டீசல்தான். அவற்றில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பிளக்கும் வேண்டாம், பொறியும் வேண்டாம். டீசல் வண்டி கிளம்பவில்லை என்றால் பம்பு, இன்ஜெக்டர், பேட்டரி என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

காயில் தேவைப்படுவது பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் வண்டிக்கு. என்ஜினின் பக்கவாட்டில் கறுப்பு மூடியும் அதிலிருந்து நான்கு தடித்த வயர்களும் தெரிந்தால் அது டிஸ்ட்ரிபியூட்டர், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து அனுப்பும் கருவி. மூடியின் நடுவிலிருந்து ஐந்தாவதாக ஒரு வயர் கிளம்பி எந்த உருளைக்குப் போகிறதோ, அந்த உருளைதான் காயில்.

காயில் உண்மையில் என்ன செய்கிறது?

உள்ளே ஓர் இரும்புக் கருவைச் சுற்றி இரண்டு சுருள்கள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்டது முதன்மைச் சுருள். தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது இரண்டாம் சுருள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், என்ஜின் சுழலச் சுழல மூடித் திறக்கும் சிறிய சுவிட்ச்தான் பாயின்ட். அது மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் முதன்மைச் சுருளில் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. பாயின்ட் திறந்த நொடியில் அந்தக் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில்தான் இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது.

காயில் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் மூடியிருந்த நேரத்தில் சேர்த்து வைத்ததைத்தான் திறக்கும்போது கொடுக்கிறது.

பெட்டியின் மேல் 40,000 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதை வாங்கினால் வண்டி நன்றாக இழுக்குமா?

இழுக்காது. நானும் இதே எண்ணத்தில் ஒரு காயில் வாங்கினேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

பிளக்கின் இடைவெளியில் காற்று எந்த வோல்ட்டில் உடைந்து பொறிக்கு வழிவிடுகிறதோ, காயில் அந்த அளவுக்குத்தான் ஏறும். பொறி பாய்ந்த பிறகு அதற்கு மேல் ஏற இடமில்லை. எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதை பிளக் இடைவெளியும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும் முடிவு செய்கின்றன. நம் பழைய வண்டிகளின் அழுத்த விகிதம் குறைவு. மண்ணெண்ணெய்க்காகச் செய்தவற்றில் இன்னும் குறைவு. அப்படிப்பட்ட என்ஜினுக்கு 10,000, 15,000 வோல்ட் தாராளம். 40,000 என்று எழுதிய காயிலை மாட்டினாலும் அதே 10,000, 15,000 வோல்ட்டில்தான் பொறி பாயும். மீதியெல்லாம் பெட்டியின் மேல் எழுத்தாகவே நிற்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் கார் என்ஜினில் காயில் நிரம்ப நேரம் போதாது. அதற்காகவே சக்திவாய்ந்த காயில்கள் வந்தன. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழன்றால் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே 5 மில்லிசெகண்ட்தான். நம் டிராக்டர் 2000 சுற்றில் ஓடும்போது அந்த இடைவெளி 15 மில்லிசெகண்ட். அதில் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் மட்டும் ஏறத்தாழ 10. சாதாரணக் காயில் நிரம்ப இது போதும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

ஓம். முதன்மைச் சுருளின் மின்தடை எத்தனை ஓம் என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் ஆயிரம் சொல்லட்டும், கையில் மல்டிமீட்டர் இல்லாமல் காயில் வாங்கப் போகாதீர்கள்.

காரணம் எளிது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியில் 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுக்கும். அதே பேட்டரியில் 1.5 ஓம் காயிலை நேரடியாக மாட்டினால் 8 ஆம்பியர். பாயின்ட் நெடுநாள் தாங்கக்கூடியது 4 ஆம்பியர் அளவு. 8 ஆம்பியர் பாய்ந்தால் கருகிவிடும். காயிலும் தப்பாது. 3 ஓமில் 48 வாட் சூடு, 1.5 ஓமில் 96 வாட். கை அகல டப்பாவுக்குள் 96 வாட் என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டது போலத்தான்.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். பளபளப்பான புதுக் காயில், 40,000 வோல்ட். மாட்டிய அன்று அருமையாகக் கிளம்பியது. மூன்றாவது வாரம் கரும்புத் தோகை ஏற்றி வரும்போது இருமத் தொடங்கி, வாய்க்கால் மதகருகில் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாயின்டின் ஒரு முகத்தில் எள் அளவுக்கு ஒரு மேடு, எதிர் முகத்தில் அதற்கு ஈடான பள்ளம், சுற்றிலும் நீலமும் கறுப்புமாகக் கருகல். காயிலைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்து மீட்டரில் அளந்தால் 1.4 ஓம். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் முறைக்காகச் செய்த காயிலை, பாயின்ட் வண்டிக்கு என்று கேட்டும் கொடுத்துவிட்டார்கள். விற்றவருக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை.

ஆக, 12 வோல்ட், பாயின்ட், மின்சாரத்தைக் குறைக்கும் தனி ரெசிஸ்டர் இல்லாத வண்டி என்றால் 3 ஓம் அளவுள்ள காயில். 6 வோல்ட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் 1.5 ஓம் அளவு, 6-ஐ 1.5-ஆல் வகுத்தால் அங்கும் அதே 4 ஆம்பியர்தான்.

ஓம் அளப்பது எப்படி?

மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை. பிறகு காயிலின் இரண்டு சிறிய முனைகளில் தொட்டு, வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். சிறிய எண்களை அளக்கும்போது இந்தக் கழித்தலை விட்டால் 1.5 ஓம் காயில் 2 ஓம் போலத் தெரிந்து ஏமாற்றும்.

இரண்டாம் சுருளை அளக்க 20 கிலோ ஓம் அளவில் வைத்து, நடுத் துளைக்கும் ஏதேனும் ஒரு சிறிய முனைக்கும் இடையே பாருங்கள். பல ஆயிரம் ஓம் வர வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

காயில் குளிர்ந்திருக்கும்போது அளப்பது நல்லது. செம்பின் தடை சூட்டில் கூடும்: 30 டிகிரியில் 3 ஓம் இருந்தது 80 டிகிரியில் ஏறத்தாழ 3.6 ஆகிவிடும். சித்திரை வெயிலில் ஓடி நிறுத்திய வண்டியில் அளந்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறேன். பழைய காயிலை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரிசையில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 1.5 ஓம் காயிலோடு 1.5 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் மொத்தம் 3 ஓம், 4 ஆம்பியர். அந்த ரெசிஸ்டரில் மட்டும் 24 வாட் சூடாகும். எனவே ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் சிறிய ரெசிஸ்டர் நிற்காது. வண்டிக்கென்று வரும், பீங்கான் உடலில் பொதிந்த ரெசிஸ்டரை வாங்கி, காற்றுப் படும் இடத்தில், வயர் உரசாதபடி இரும்புத் தகட்டில் பொருத்துங்கள்.

என்னைக் கேட்டால் 3 ஓம் காயிலாகவே மாற்றிவிடுவேன். ரெசிஸ்டர் என்பது துருப்பிடிக்கவும் கழன்று விழவும் கூடுதலாக இரண்டு இணைப்பு. ஏற்கெனவே ரெசிஸ்டர் இருக்கும் வண்டியில் 3 ஓம் காயில் மாட்டினால் ரெசிஸ்டரைக் கட்டாயம் நீக்குங்கள். இரண்டும் இருந்தால் மின்சாரம் 2.7 ஆம்பியருக்குக் குறைந்து, காலைக் குளிரில் கிளப்பும்போது பொறி சோர்ந்துவிடும்.

காயிலோடு வேலை முடியாது. பல்பு, ஹாரன், டைனமோவைப் பேட்டரியோடு இணைத்தும் துண்டித்தும் விடும் கட்-அவுட் எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட நினைக்கிறேன். அப்போது?

நல்ல முடிவு, குறிப்பாக நம் கடலோரக் காற்றில். பாயின்ட் இருந்த இடத்தில் ஒரு காந்த வளையமும் ஓர் உணர்கருவியும் உட்காரும். தேய்மானமும் இல்லை, பூப்பதும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள்.

பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவும் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்பில் இணைந்திருக்கும். எங்கள் ஃபெர்குசனும் அப்படித்தான். நெகட்டிவ் எர்த்துக்கான கருவியை அதில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் கருவி அந்த நொடியே செத்துப்போகும். வாங்கும்போதே எர்த் எது என்று சொல்லி வாங்குங்கள்.

அடுத்து, அந்தக் கருவி குறைந்தது எத்தனை ஓம் காயில் கேட்கிறது என்று அதன் தாளில் படியுங்கள். எலக்ட்ரானிக் என்றாலே குறைந்த ஓம் காயில் என்று பலர் நினைக்கிறார்கள். எளிய வகைக் கருவிகளில் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு 3 ஓம் கேட்பதும் உண்டு. பாயின்டைப் போலவே அவையும் நெடுநேரம் மூடியிருப்பதால் குறைந்த ஓம் காயிலை மாட்டினால் கருவி சூடேறிவிடும். மின்சாரத்தைத் தானே கட்டுப்படுத்தும் உயர்வகைக் கருவிக்குத்தான் 1 ஓமுக்குக் கீழான காயில் பொருந்தும்.

மூன்றாவது, பிளக் வயர். வெறும் செம்புக் கம்பி வயரின் மின் இரைச்சல் கருவியைக் குழப்பும். கார்பன் உள்ளீடுள்ள வயரோ ரெசிஸ்டர் பிளக்கோ போடுங்கள்.

பைக் காயில் வீட்டில் கிடக்கிறது, அதை மாட்டலாமா? பழைய கார் காயில்?

பைக் காயில் வேண்டாம். பைக்குகளில் நெடுங்காலம் சி.டி.ஐ. முறை இருந்தது. அதில் ஒரு மின்தேக்கி நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் கண நேரத் துடிப்பாகக் காயிலில் கொட்டும். அந்தக் காயிலின் தடை பெரும்பாலும் 1 ஓம்கூட இருக்காது. 12 வோல்ட்டைத் தொடர்ந்து பாய்ச்சினால் புகைந்துவிடும்.

பாயின்ட் காலத்து அம்பாசடர், பத்மினி போன்ற பெட்ரோல் கார்களின் உருளைக் காயில் பெரும்பாலும் பொருந்தும். அவை 12 வோல்ட், நான்கு சிலிண்டர் கார்கள். கடலூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பொருளானாலும் புதியதானாலும் மீட்டரில் அளந்த பிறகே காசு கொடுங்கள். காரிலேயே ரெசிஸ்டரோடு வந்த காயில்களும் உண்டு, வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான்.

எண்ணெய் நிரப்பியதா, ரெசின் வார்த்ததா?

எண்ணெய்க் காயில் சூட்டை நன்றாக வெளியேற்றும். ஆனால் டிராக்டரின் அதிர்வில் மூடி விளிம்பு தளர்ந்து கசியலாம். எண்ணெய் குறைந்தால் மேல் சுருள் வெந்துபோகும். ரெசின் வார்த்ததற்கு அதிர்வும் ஈரமும் ஒன்றும் செய்யாது. உழவுக்கும் சேடைக்கும் இறங்கும் வண்டி என்றால் ரெசின். எண்ணெய்க் காயிலே போடுவதாக இருந்தால் செங்குத்தாக, முனைகள் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். எதுவானாலும் புகைபோக்கியின் அனல் படும் இடத்தில் வேண்டாம்.

காயிலின் + − முனைகளை மாற்றி மாட்டினால் என்ன? வண்டி ஓடத்தான் செய்கிறது?

ஓடும். அதனால்தான் பல வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் தவறாகவே இருக்கிறது. பிளக்கின் நடுக்கம்பி மிகுந்த சூட்டில் இருக்கும். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும். எனவே நடுக்கம்பி நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். மாற்றி மாட்டினால் கூடுதல் வோல்ட் தேவைப்படும். காலையில் கிளம்ப அடம்பிடிப்பது, பாரம் ஏறும்போது தவறுவது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

விதி இது: நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் − முனை பாயின்டுக்கு, + முனை சாவிக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் + முனை பாயின்டுக்கு, − முனை சாவிக்கு. பழைய லூகாஸ் காயில்களில் + − இருக்காது, எஸ்.டபிள்யூ., சி.பி. என்று பொறித்திருக்கும். முன்னது சாவிக்கு, பின்னது பாயின்டுக்கு. ஆனால் அந்த எழுத்துகள் பாசிட்டிவ் எர்த் காலத்தவை. வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.

சரிபார்க்க ஒரு பழைய வழி. பொழுது சாய்ந்த பிறகு ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை பிளக் தலையிலிருந்து கொஞ்சம் விலக்கி மரச் சட்டத்தில் கட்டி நிறுத்துங்கள். என்ஜின் ஓடும்போது, நடுவில் சீவிய பென்சிலின் கூரைக் கொண்டுபோனால் பொறி அதன் வழியே தாவும். பென்சில் கூருக்கும் பிளக்குக்கும் இடையே மெல்லிய செம்மஞ்சள் தீற்றல் தெரிந்தால் சரி. வயர் பக்கம் தெரிந்தால் முனைகள் மாறியிருக்கின்றன. பென்சிலைக் கையால் பிடிக்கக் கூடாது, அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும்; காய்ந்த நீளக் குச்சியில் கட்டிப் பிடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் சிந்தியிருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்குத் துணிவில்லை என்றால், நெடுநாள் ஓடிய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வளைந்த வெளிக்கம்பியில் கிண்ணம்போல் பள்ளம் விழுந்திருந்தால் முனைகள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிளக்கில் கரண்ட் வரவில்லை. காயிலை மாற்றிவிடலாமா?

பொறுங்கள். என்னிடம் வந்த வண்டிகளில் காயில்மேல் குற்றமில்லாதவையே அதிகம்.

சாவியைத் திருப்பி, பாயின்ட் மூடிய நிலையில், காயிலின் சாவிப் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12.5 இருந்து அங்கே 10.5 வந்தால், இடையில் 2 வோல்ட்டைத் துரு தின்கிறது. 4 ஆம்பியர் ஓடும் பாதையில் அரை ஓம் துரு இருந்தாலே இந்த இழப்பு வரும். பிறகு பாயின்ட் பக்க முனையில் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் பாயின்டில் அழுக்கு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் எர்த் சரியில்லை.

அடுத்தது கண்டன்சர், அதாவது பாயின்டோடு இணைந்த மின்தேக்கி. கையளவுகூட இல்லாத அந்தச் சிறு டப்பா 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ளது. அது அறுந்துபோனால் பாயின்டில் கண்ணுக்குத் தெரியும் நீலப் பொறி அடிக்கும், பிளக்கில் பொறி சோர்ந்துவிடும். புதிய காயில் வாங்கும் முன் புதிய கண்டன்சர் போட்டுப் பாருங்கள்.

மண்ணெண்ணெய் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: என்ஜின் நன்றாகச் சூடாகும் முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் பிளக் நனைந்து கரி படியும். அந்தக் கரி வழியே மின்சாரம் கசிந்துவிடும், எந்தக் காயிலும் உதவாது.

காயில் உண்மையிலேயே கெட்டதற்கு அடையாளம் வேறு. அரை மணி நேரம் ஓடி, சூடேறி நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும். நின்ற அந்த நேரத்திலேயே பொறியைச் சோதியுங்கள். பொறி இருந்தால் எரிபொருள் பக்கம் போங்கள். இல்லாவிட்டால் கண்டன்சர், அதன் பிறகு காயில்.

என் வண்டியில் பேட்டரியே இல்லை, மேக்னெட்டோதான் இருக்கிறது.

பழைய ஃபோர்ட்சன் டிராக்டர்களில் அப்படி உண்டு. மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கும், சுருள் அதற்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து கார் காயிலைக் கொண்டுவந்து இணைக்க முடியாது. சுருளை மறுபடி சுற்றி, காந்தத்துக்கு வலுவேற்றித் தரத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி. பேட்டரி முறைக்கு மாற்ற டிஸ்ட்ரிபியூட்டர், காயில், சார்ஜ் ஏற்பாடு எல்லாம் வேண்டும். வண்டியின் பழமையும் போய்விடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

ஃபோர்டு 8 என் (8N) டிராக்டர் வைத்திருக்கிறேன். இதே விதிதானா?

ஓம் கணக்கு அதேதான். ஆனால் 1950 வரை வந்தவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன்புறம் இருக்கும். சதுரமான காயில் அதன் தலையிலேயே உட்காரும். உருளைக் காயில் அங்கே உட்காராது. அந்த வண்டிக்கென்றே செய்த காயிலைத்தான் தேட வேண்டும். பின்னர் வந்த, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் உள்ள 8 என்-இல் உருளைக் காயில்தான்.

உப்புக்காற்றுக்கும் புயல் மழைக்கும் என்ன ஏற்பாடு செய்வது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் கொட்டகையின் கூரை பறந்தது. டிராக்டர் இரண்டு நாள் மழையில் நின்றது. பிறகு கிளப்பப் பார்த்தால் பொறியே இல்லை. காயிலின் மேல்மூடியில், நடுத் துளையிலிருந்து பக்க முனை வரை முடி போன்ற ஒரு கறுப்புக் கோடு. ஈரமும் உப்பும் சேர்ந்து போட்ட பாதையில் மின்சாரம் ஓடி ஓடிக் கருக்கிய தடம் அது. அந்தக் கோடு விழுந்துவிட்டால் துடைத்தாலும் போகாது. காயிலை மாற்றத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு, ஐப்பசி பிறக்கும் முன்பே காயில் தலையையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். வயர் நுழையும் இடங்களில் ரப்பர் உறை கட்டாயம். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் மாதம் ஒரு முறை துடைத்தாலும் தகும். வெள்ளத்தில் முழுகிய வண்டியைக் காய்வதற்கு முன் சாவி திருப்பாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, வெயிலில் உலர்த்தி, பாயின்டைத் திறக்கும் கேம் மேட்டில் துளி கிரீஸ் தடவிய பிறகு பாருங்கள்.

சாவியை அணைக்க மறந்துவிட்டால் காயில் போய்விடுமா?

என்ஜின் நின்றபோது பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால் 4 ஆம்பியரும் இடைவிடாமல் பாய்ந்துகொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் காயில் வெந்திருக்கும், பேட்டரியும் இறங்கியிருக்கும். சாவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கை இணைத்துவிடுங்கள். வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும்.

மாற்றி எடுத்த பழைய காயிலை என்ன செய்வது?

இரண்டு சுருள்களும் சரியான ஓம் காட்டி, மூடியில் கருகிய கோடும் எண்ணெய்க் கசிவும் இல்லையென்றால் அதன்மேல் ஓம் எண்ணை மையால் எழுதி, பழைய துணியில் சுற்றி, வண்டியின் கருவிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டன்சர், 10 எண் ஸ்பேனரையும் கூடவே வையுங்கள்.